இணைப்பு 1

வலயக் கல்வி அலுவலகத்தில்
விருதுப் படிவம் நிரப்புகிறவன் நான்.
சிறந்த சூழல் கல்வியாளர், மாகாண மட்டம்,
மூன்று பிரதி, கறுப்பு மை.

நிரல் ஐந்து கேட்டது:
நட்ட மரங்களின் எண்ணிக்கை.
ரீச்சருக்குப் போன் எடுத்தேன்.
"ஒண்டும் நடேல்லை."
பின்னால் யாரோ மேசை இழுக்கும் சத்தம்.
"நட்டதெண்டு போட்டால்
தண்ணி ஊத்தினது ஆரெண்டும் போடவேணுமெல்லோ."
ஒரு கோடு இழுத்தேன்.

நிரல் ஆறு, பங்குபற்றிய பேரணிகள்.
இன்னொரு கோடு.

குலமணி பத்மலோஜினி.
விஞ்ஞானம், தரம் எட்டும் ஒன்பதும்.
சில்லு முழுக்கச் செம்பாட்டு மண் அப்பிய ஸ்கூட்டி.
அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

நிரல் ஏழு: சான்றுகள்.
கோவையைத் திறந்தேன்.
பாராட்டுக் கடிதம் ஒன்றுகூட இல்லை.
ஒரு முறைப்பாடு இருந்தது,
கொப்பித்தாளில், இரண்டு பக்கம்,
மடிப்புக்குள் ஒரு வெங்காயச் சருகு.

"கனம் பணிப்பாளர் ஐயா,
எட்டாம் வகுப்புப் படிக்கிற என்ரை மகள்
பள்ளிக்கூடத்தாலை ஒரு கடதாசித் துண்டு கொண்டுவந்து
எங்கட கிணத்துத் தண்ணியிலை தோய்ச்சவ.
அது நாவல்பழம் திண்ட நாக்கு மாதிரி மாறினது.
அண்டு துடக்கம் வீட்டிலை நிம்மதி இல்லை.
யூரியாப் பை அவிழ்க்க முந்தி
எத்தினை கிலோ எண்டு கேட்டு எழுதுறா.
கக்கூஸ் குழிக்கும் கிணத்துக்கும் நடுவிலை
நாடா பிடிச்சு அளந்தவ.
தம்பியின்ரை பால்மாவுக்குக்
கோயில் பைப்பிலை போய்த் தண்ணி பிடிக்கிறா.
ஊர் பாக்குது ஐயா.
எங்கட கிணறு நல்ல கிணறு.
இதுக்கோ பள்ளிக்கூடம்?
ரீச்சரை மாத்தித் தரவும்.
இப்படிக்கு, சி. கதிரமலை,
புன்னாலைக்கட்டுவன்."

ஓரத்தில் யாரோ பச்சை மையில்
'நடவடிக்கை தேவையில்லை' என்று குறித்திருந்தார்கள்.
வாசித்துத்தான் இருக்கிறார்கள்.

படியெடுத்தேன். முத்திரை குத்தினேன்.
மேல்மூலையில் எழுதினேன், இணைப்பு 1.
இணைப்பு 2 கிடையாது.

ஒரு கிழமையில் திரும்பி வந்தது:
புகைப்படங்கள் இணைக்கவும்.
எதைப் பிடிப்பது?
எந்தக் கிணற்றை எட்டிப் பார்த்தாலும்
முகம்தான் தெரிகிறது.
நைத்திரேற்றுக்கு நிறமுமில்லை மணமுமில்லை என்று
அடிக்குறிப்புப் போட்டு அனுப்பினேன்.

மூன்றாம் இடம்.

விழாவில் பெயரைப் பத்மலோசனி என்று வாசித்தார்கள்.
அவர் திருத்தவில்லை.
கேடயத்தோடு படியிறங்கியவர்
நேரே என் கதிரைக்கு வந்தார்.
"இணைப்பு ஒண்டு வைச்சது நீங்களோ?"
மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
"அதிலை திகதி என்ன?"

நவம்பர் பத்தொன்பது.

"மழைக்குப் பிறகு. அதுதான் அந்த நிறம்."
கேடயத்தை அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டு
நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்தில் குறித்தார்.

அந்தத் தகப்பன் இப்போது எப்படி என்று கேட்டேன்.
"குழியை மாத்தேல்லை.
பசளை ஒரு பை குறைச்சிருக்கிறாராம், பெட்டை சொல்லுது.
ரண்டு போகக் கணக்கு வந்தால்தான் நம்பலாம்."

மேடையில் யாரோ நன்றியுரை தொடங்கியிருந்தார்கள்.
அவர் கைப்பையைத் துழாவி
ஒரு கடதாசித் துண்டை நீட்டினார்.
"நீங்கள் கோண்டாவில்தானே?
விடியக் காலமை, முதல் வாளித் தண்ணி."

பேர்சுக்குள் இருக்கிறது இன்னும்,
அடையாள அட்டைக்கும்
பஸ் சீசன் ரிக்கற்றுக்கும் நடுவில்,
உறை பிரிக்காமல்.

வீட்டில் சின்னவளுக்கு
போன கிழமைதான் பால்மா தொடங்கினோம்.

எங்கள் கிணறு
நல்ல கிணறு.